‘ஓங்கி’ எங்கே வரும், எங்கே வராது: தமிழ் பழக வந்தவர்களுக்கு

பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறேழு பேர் தமிழ் பழகுகிறார்கள். திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்து வந்த அரச ஊழியர்கள், குருநாகல் பக்கத்துத் தாதி ஒருவர், கனடாவில் பிறந்து அம்மம்மாவோடு ஒரு வருடம் இருக்க வந்திருக்கும் தம்பி ஒருவர், இப்படி. எழுத்துக்கூட்டி வாசிக்க எல்லோருக்கும் வரும். கடையில் விலை கேட்கவும், பஸ்ஸில் இடம் சொல்லி இறங்கவும் வரும். அதற்கு மேலே போகும்போதுதான் இடறுகிறது.

ஒரு நாள் தாதி கேட்டார்: “ரீச்சர், சிங்களத்தில் ‘ஹய்யென்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஹய்யென் கதைக்கலாம், ஹய்யென் அடிக்கலாம், ஹய்யென் ஓடலாம். தமிழில் அதற்கு என்ன?”

கனடாத் தம்பிக்கும் அதே கேள்விதான். அவர் ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’ என்று ஒரே சொல்லை அடிக்கும், மழைக்கும், உழைப்புக்கும் போட்டுப் பழகியவர். அகராதியில் ‘ஓங்கி’யைக் கண்டுபிடித்து, “நேற்று மழை ஓங்கிப் பெய்தது” என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். ஒற்றுக்கூடச் சரியாகப் போட்டிருந்தார். ஆனால் தமிழ்க் காது அந்த வசனத்தை ஏற்காது.

தமிழில் இதற்கு ஒரே சொல் இல்லை. கதைப்பதற்கு ஒன்று, அடிப்பதற்கு ஒன்று, ஓடுவதற்கு இன்னொன்று. இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். தமிழ் பலத்தைச் சொல்லும்போது எவ்வளவு பலம் என்று அளப்பதைவிட, அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்தது என்று பார்க்கிறது. கை மேலே போனதா, கயிறு இறுகியதா, விரல் அழுந்தியதா, மூச்சு அடங்கியதா? அதைப் பார்க்கப் பழகிவிட்டால் சொல் தானாக வரும். ‘ஓங்கி’யை வைத்துத் தொடங்கினால் இது சுலபமாக விளங்கும்.

முதல் படி: கையைப் பாருங்கள்

ஓங்கு என்றால் உயர். “கையை ஓங்கினான்” என்றால் கையை மேலே தூக்கினான், அவ்வளவுதான், இன்னும் அடிக்கவில்லை. “ஓங்கி அடித்தான்” என்றால் முதலில் தூக்கினான், பிறகு இறக்கினான். அந்தச் சின்னச் சொல்லுக்குள் கை மேலே போன பாதை முழுவதும் இருக்கிறது. மேலே போனது பலத்தோடு இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், ‘ஓங்கி’ என்றதும் பலம் தானாகச் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே முதல் சோதனை இதுதான்: செய்கிறவருடைய கையோ காலோ, கையில் இருக்கும் பொருளோ, உயர்ந்து இறங்குகிறதா? இறங்கினால் ‘ஓங்கி’ போடலாம்.

கோடாலியால் விறகு கொத்துகிறவரைப் பாருங்கள். கோடாலி தலைக்கு மேலே போகிறது. “ஓங்கிக் கொத்து” என்று சொல்லலாம். உலக்கை போடும் பெண்களுக்கும் அப்படித்தான்: “ஓங்கி இடி.” கல்லில் உடுப்புத் துவைக்கும்போது, “ஓங்கி அடித்துத் துவை.” கோயில் வாசலில் சிதறு தேங்காய் அடிக்கிறவர் இரண்டு கையாலும் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்குவார், “ஓங்கி அடித்தார், தேங்காய் சில்லுச் சில்லாகப் போனது.” பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் போகும்போது ஒருநாள் நின்று பாருங்கள். ‘ஓங்கி’யின் பொருள் முழுவதும் அந்த ஒரு அசைவில் இருக்கிறது.

அதே தேங்காயை வீட்டுக் குசினியில் கறிக்கு உடைக்கும்போது யாரும் ஓங்குவதில்லை. இடது கையில் பிடித்து, கத்தியின் பின்புறத்தால் சுற்றிவரத் தட்டுவார்கள். அம்மம்மா “தட்டி உடை” என்று சொன்னால் தட்டித்தான் உடைக்க வேண்டும். “ஓங்கி உடை” என்று விளங்கிக்கொண்டால் தேங்காய்த் தண்ணீர் நிலத்தில், பாதித் தேங்காய் அடுப்படியில்.

இன்னும் நுட்பமான சோதனை கொத்து ரொட்டிக் கடையில் கிடைக்கும். இரவில் கடைத்தெருவில் நடந்தால் அந்த இரும்புத் தட்டுச் சத்தம் இரண்டு சந்தி தள்ளியும் கேட்கும். பலமான சத்தம், பலமான அடி. ஆனால் கொத்துகிறவரின் கை எங்கே இருக்கிறது? கல்லுக்கு மேலே ஒரு சாண் உயரம்கூட இல்லை; மணிக்கட்டு மட்டும் ஆடுகிறது. ஆகவே “ஓங்கிக் கொத்துகிறார்” என்று சொல்வதில்லை. “படபடவென்று கொத்துகிறார்” என்போம். விறகுக்கும் ‘கொத்து’, ரொட்டிக்கும் ‘கொத்து’, வினை ஒன்றுதான். முன்னால் வரும் சொல்லை மாற்றுவது கையின் உயரம். கனடாத் தம்பிக்கு இதை விளக்கியபோது, இரண்டு கையையும் தூக்கி ஒருமுறை, மடித்து ஒருமுறை தானே கொத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் இந்தச் சொல்லில் பிழை விட்டதில்லை.

கரம் விளையாட்டிலும் இதே விதி. எவ்வளவு பலமாகச் சுண்டினாலும் விரல் பலகையை விட்டு உயராது. “விசையாகச் சுண்டு” என்றுதான் சொல்ல வேண்டும்.

விளையாட்டு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கிரிக்கெட்டில் “ஓங்கி அடிச்சான்”, “தூக்கி அடிச்சான்” இரண்டும் கேட்பீர்கள். ஒன்றுபோல இருக்கும்; ஒன்றல்ல. ஓங்கியது மட்டை. தூக்கியது பந்தை. ஓங்கி அடித்த பந்து நிலத்தோடு உருண்டு எல்லைக்குப் போகலாம். தூக்கி அடித்த பந்து மேலே போயே ஆக வேண்டும், பிடி கொடுத்தும் போகலாம். உதைபந்தாட்டத்தில் “ஓங்கி உதை” என்றால் காலைப் பின்னால் உயர்த்தி உதைப்பது. “எட்டி உதை” என்றால் காலை நீட்டி, தூரத்தில் இருப்பதை உதைப்பது.

இரண்டாம் படி: பழைய பொருளையும் பிடித்துக்கொள்ளுங்கள்

‘ஓங்கி’க்கு அடியும் உதையும் பின்னால் வந்த வேலைகள். மூத்த பொருள் உயர்வு மட்டுமே. மார்கழியில் கேட்கும் திருப்பாவையின் மூன்றாம் பாடல் “ஓங்கி உலகளந்த உத்தமன்” என்று தொடங்குகிறது. அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. உயர்ந்து நின்று உலகை அளந்தான். அதே பாடலில் “ஓங்கு பெருஞ்செந்நெல்” என்று வயலில் வளர்ந்த நெல்லுக்கும் அந்தச் சொல் வருகிறது. தம்பலகாமத்து வயல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரம் உடனே கண்ணில் வரும்.

இந்தப் பொருள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஓங்கி வளர்ந்த பனை. கோயில் மணி ஓங்கி ஒலிக்கிறது. மக்களின் குரல் ஓங்கி ஒலித்தது (இதைப் பத்திரிகையில் கிழமைக்கு ஒரு தடவையாவது பார்ப்பீர்கள்). பேச்சுவார்த்தையிலோ விளையாட்டிலோ ஒரு பக்கம் வெல்லும் நிலையில் இருந்தால், “அவர்களுடைய கை ஓங்கியிருக்கிறது” என்போம். இதைக் கேட்டு, யாரோ அடிக்கப் போகிறார் என்று பயப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குரல் ‘ஓங்கி ஒலிக்கும்’. ஆனால் காது கேளாத பெரியவரிடம் கதைக்கும்போது “ஓங்கிக் கதையுங்கள்” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “உரத்துக் கதையுங்கள்” என்பார்கள், அல்லது “சத்தமாகச் சொல்லுங்கள்”. எழுத்தில் ‘உரக்க’ என்றும் வரும். “குரலை உயர்த்தாதே” என்பது வேறு. அது கோபமாகப் பேசுகிறவரை அடக்கும் சொல்.

மூன்றாம் படி: எழுதும்போது

பேச்சில் இந்தப் படி தேவையில்லை. எழுதுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

‘ஓங்கி’ ஒரு வினையெச்சம். எச்சம் என்றால் முடியாமல் நிற்பது. அடுத்த வினை வந்துதான் அதை முடிக்க வேண்டும். வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டு என்று நன்னூல் சொல்லும். நமக்கு இரண்டு காணும்: செய்து, செய.

ஓங்கி, இறுக்கி, அழுத்தி, எட்டி, உரத்து எல்லாம் ‘செய்து’ வகை. முக்கிய வினைக்கு முன்னால் என்ன நடந்தது என்று இவை சொல்கின்றன. இறுக, ஆழ, உரக்க, அழுந்த எல்லாம் ‘செய’ வகை. வினை எவ்வளவு தூரம் போனது, எந்த நிலையை எட்டியது என்று இவை பெரும்பாலும் சொல்கின்றன. “கயிற்றை இறுக்கிக் கட்டினான்” என்பதில் அவன் கை செய்த வேலை தெரிகிறது. “கயிற்றை இறுகக் கட்டினான்” என்பதில் கட்டு எப்படி இருக்கிறது என்று தெரிகிறது. வித்தியாசம் நூல் அளவுதான். ஆனால் இதை உணரத் தொடங்கினால் உங்கள் தமிழ் வெளியூர்த் தமிழாக இராது.

மூன்றாவது வகை பெயரோடு ‘ஆக’ சேர்வது: பலமாக, வேகமாக, கடுமையாக, ஆவேசமாக. நான்காவது சத்தத்தைப் பிடித்து வைத்த சொற்கள்: படாரென்று, பளாரென்று, சடாரென்று, பொத்தென்று. இவற்றில் பளார் கன்னத்துக்கு, படார் கதவுக்கு, பொத் என்பது பனம்பழமோ மூட்டையோ விழுவதற்கு.

ஒற்று மிகுவது பற்றி: ‘ஓங்கி’க்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்றுப் போட வேண்டும். ஓங்கிக் குத்தினான், ஓங்கித் தட்டினான், ஓங்கிப் போட்டான். ‘செய’ வகைக்கும் ‘ஆக’வுக்கும் அப்படியே: இறுகக் கட்டு, பலமாகத் தட்டு. உரத்து, அடித்து என்று ‘த்து’வில் முடிந்தாலும் மிகும்: உரத்துக் கதை, அடித்துப் பெய்தது. ஆனால் ‘பாய்ந்து பிடித்தான்’, ‘வலிந்து சொன்னான்’ என்று ‘ந்து’வில் முடிந்தால் மிகாது. ‘படாரென்று கதவு சாத்தியது’ மிகாது. ‘படாரெனக் கதவு சாத்தியது’ மிகும். அடி, இடி, உதை என்று உயிரெழுத்தில் தொடங்கும் வினை வந்தால் ஒன்றும் வேண்டாம், இடைவெளி விட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: ‘ஓங்கி’ வராத இடங்கள்

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் விடிய வெள்ளனப் போனால் கரைவலை இழுக்கிறவர்களைக் காணலாம். வரிசையாக நின்று, குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். இதைவிடப் பலம் கேட்கும் வேலை குறைவு. ஆனால் அங்கே எதுவும் உயர்ந்து இறங்கவில்லை. ‘ஓங்கி’க்கு இடமே இல்லை. “மூச்சுப் பிடிச்சு இழு”, “வலிச்சு இழு” என்றுதான் சொல்ல வேண்டும். துடுப்புப் போடுவதையும் தமிழில் ‘வலித்தல்’ என்போம். இந்த ‘வலி’யை மறக்காதீர்கள், கீழே அது வேறொரு முகத்தோடு வரப்போகிறது.

கயிறு, முடிச்சு, போத்தல் மூடி, திருகாணி இதற்கெல்லாம் ‘இறுக்கி’. இறுக்கிக் கட்டு, இறுக்கி மூடு, இறுக்கிப் பூட்டு. கைகளுக்கும் அது வரும்: மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினவரிடம் “இறுக்கிப் பிடி” என்று சொல்லுங்கள். முத்திரை குத்த, பேனையால் கார்பன் படி எடுக்க, ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைக்க ‘அழுத்தி’. தாதிக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த வசனம் இதுதான்: “பஞ்சை அழுத்திப் பிடியுங்கள், ஆனால் தேய்க்காதீர்கள்.”

கதவு தனிக் கதை. தட்டும்போது கை மேலே போவதால் “ஓங்கித் தட்டினான்” என்றும் சொல்லலாம், “பலமாகத் தட்டினான்” என்றும் சொல்லலாம். முன்னது கேட்டால் ஒரு அவசரமோ கோபமோ தெரியும். சாத்தும்போது ‘ஓங்கி’ வராது. “அறைந்து சாத்தினான்” அல்லது “படாரென்று சாத்தினான்”.

இனி இயற்கை. கனடாத் தம்பியின் மழை வசனம் ஏன் சரிவரவில்லை என்று இப்போது விளங்கும்: மழைக்கு ஓங்கக் கை இல்லை. மழை அடித்துப் பெய்யும், கொட்டும், கொட்டித் தீர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இருந்து பாருங்கள், இந்த மூன்று சொல்லும் ஒரே நாளில் தேவைப்படும். காற்று பலமாக வீசும்; வானொலியில் ‘பலத்த காற்று’ என்பார்கள். வெயில் கொளுத்தும், சுட்டெரிக்கும். அதற்கு ‘பலமான’ என்று ஒருபோதும் போடாதீர்கள். கடும் வெயில், அகோர வெயில் என்று வரும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் இந்த இரண்டு சொல்லையும் சனம் சொல்லக் கேட்பீர்கள். கடல் கொந்தளிக்கும். அலைக்கு மட்டும் ‘ஓங்கி’ பொருந்தும், ஏனென்றால் அலை உண்மையாகவே எழுந்து விழுகிறது: “அலை ஓங்கி எழுந்து பாறையில் மோதியது.”

உழைப்புக்குக் ‘கடுமையாக’, அல்லது பேச்சில் ‘முறிஞ்சு’. அறிக்கை எழுதும் அலுவலர்களுக்கு ‘வன்மையாக’: வன்மையாகக் கண்டிக்கிறோம். அது அறிக்கைச் சொல். வீட்டில் பிள்ளையைக் கண்டிக்கும்போது பாவித்தால் வாயில் ஒட்டாது.

ஐந்தாம் படி: ‘சரியா’ என்ற சொல்லில் சறுக்காதீர்கள்

இது ‘ஓங்கி’யின் நேர் உறவு அல்ல. ஆனாலும் மிகுதியைச் சொல்ல இங்கே நாளும் பொழுதும் பாவிக்கும் சொல் என்பதால் தவிர்க்க முடியாது.

‘சரி’ என்றால் பிழையில்லை என்று முதல் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். ஈழத்துப் பேச்சில் அது அளவைக் கூட்டுவதற்கும் வரும். சரியான மழை என்றால் பெருமழை. சரியான சனம் என்றால் நெருக்கியடிக்கும் கூட்டம். சரியா நோகுது என்றால் தாங்க முடியாத நோ.

என் பெரியம்மாவுக்கு ஒருமுறை வயிற்றில் நோ வந்தது. காட்டப் போன இடத்தில் இருந்தவர் தமிழ் பழகிக்கொண்டிருந்தவர், மரியாதையானவர். “இப்ப எப்படி அம்மா?” என்று கேட்டார். பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சரியா நோகுது பிள்ளை” என்றார். அவர் காதில் ‘சரி’ மட்டும் விழுந்திருக்கிறது. சரியாகிக்கொண்டு வருகிறது என்று விளங்கிக்கொண்டு, வரிசையில் காத்திருக்கச் சொல்லிவிட்டார். இரண்டு மணித்தியாலம் பெரியம்மா அந்த வாங்கில் சுருண்டு கிடந்தார். நான் அவரில் பிழை காணவில்லை. அந்தச் சொல்லை யாராவது அவருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இந்த விறாந்தை வகுப்பை நான் தொடங்கியதற்கு அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரு காரணம்.

எப்படிப் பிரித்தறிவது? ‘சரியா’வுக்குப் பின்னால் வருவது உடம்பிலோ மனதிலோ வெளியிலோ இருக்கும் ஒரு நிலை என்றால் (நோ, பசி, களை, கோபம், வெயில், கஷ்டம்) அது ‘மிக’ என்ற பொருள். பின்னால் வருவது ஒருவர் முறையாகச் செய்யக்கூடிய வேலை என்றால் (எழுது, சொல்லு, எண்ணு) அது ‘பிழையில்லாமல்’. “சரியாகிவிட்டது” என்றால் குணமாகிவிட்டது. “சரியா அடிச்சுப் போட்டான்” என்பது மட்டும் இரண்டு பக்கமும் சாயும்: ஆணியை நேராக அடித்தானா, ஆளைப் போட்டு அடித்தானா? சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் திரும்பக் கேளுங்கள்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறவர்களிடம் ‘பயங்கரமா’ என்ற சொல்லும் ஒட்டிக்கொள்கிறது. பயங்கரமா நல்லா இருக்கு, பயங்கரமா பசிக்குது. பேச்சில் சொல்லுங்கள், தடையில்லை. எழுத்தில் வேண்டாம் என்பது என் எண்ணம். பயங்கரம் என்ன என்று பார்த்த ஊர் இது. அந்தச் சொல்லை அதற்குரிய இடத்துக்கு வைத்திருப்பது நல்லது.

ஆறாம் படி: பலவந்தமாக, வலிந்து

இதுவரை பார்த்தவை எல்லாம் பொருளின் மேல் காட்டும் பலம். மனிதருடைய விருப்பத்தின் மேல் காட்டும் பலத்துக்குத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன. இரண்டையும் கலப்பதுதான் புதியவர்கள் விடும் பிழைகளில் மோசமானது.

வகுப்பில் ஒருவர் அகராதியைப் பார்த்து, “கதவைப் பலவந்தமாகத் தட்டினேன்” என்று எழுதினார். பலமாகத் தட்டினேன் என்று சொல்ல நினைத்தார். பலவந்தம் என்றால் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியும் செய்வது. பலவந்தமாக ஏற்றிச் சென்றார்கள், பலவந்தமாகக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வரும். கதவுக்கு விருப்பம் இல்லை, ஆகவே அதைப் பலவந்தப்படுத்தவும் முடியாது. (பூட்டியிருந்த வீட்டுக்குள் புகுந்தால், “பலவந்தமாகக் கதவைத் திறந்தார்கள்” என்று சொல்லலாம், அங்கே மீறப்படுவது வீட்டுக்காரரின் விருப்பம்.)

அடுத்தது ‘வலிந்து’. கரைவலையில் பார்த்த அதே ‘வலி’தான். ஆனால் இது இரண்டு எதிர்த்திசைகளில் போகும். “அவர் வலிந்து போய் உதவினார்” என்றால் யாரும் கேட்காமல், தானாக முன்வந்து உதவினார். பேச்சில் “வலியப் போய்” என்போம். அங்கே ஒருவர் தன் மனதைத் தானே தள்ளுகிறார். “வலிந்து பொருள் கொள்ளாதே” என்றால் இல்லாத கருத்தை இழுத்துக்கொண்டு வராதே.

மற்றத் திசை நம்முடைய ஊரில் பதாகைகளில் இருக்கிறது. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர். ஓகஸ்ட் 30 அவர்களுக்கான சர்வதேச நாள். வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள். இந்தத் தொடரில் ஒவ்வொரு சொல்லும் யோசித்துப் போட்ட சொல். ‘காணாமல் போனோர்’ என்றால் தாங்களாகவே எங்கோ தொலைந்துபோனதுபோல ஆகிவிடும். ‘ஆக்கப்பட்டோர்’ என்றால் செய்தவர் ஒருவர் இருக்கிறார். ‘வலிந்து’ என்றால் விருப்பத்துக்கு மாறாக, பலத்தால். அலுவலகத்தில் இருக்கும் நீங்கள் இந்தத் தொடரை ஒரு கடிதத்திலோ படிவத்திலோ எழுத நேர்ந்தால், இடம் காணாது என்று ‘வலிந்து’வை வெட்டிவிடாதீர்கள். கடிதம் கொண்டு வந்த அம்மாவுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்பதை அவருடைய முகத்தில் பார்க்கலாம்.

ஏழாம் படி: ‘இல்லை’ சேரும்போது

முறைப்பாடு எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

“கையை ஓங்கினான்” என்றால் அடி விழவில்லை. “ஓங்கி அடித்தான்” என்றால் விழுந்தது. சாட்சி முதலாவதைச் சொல்லும்போது நீங்கள் இரண்டாவதை எழுதினால் நடக்காத அடி ஒன்று கடதாசியில் ஏறிவிடும்.

“ஓங்கி அடிக்கவில்லை” என்பது இன்னும் சிக்கல். அடித்தான், ஆனால் மெதுவாக அடித்தான் என்றும் எடுக்கலாம். ஓங்கினான், ஆனால் அடிக்கவில்லை என்றும் எடுக்கலாம். முதலாவது பொருள்தான் அதிகம் வரும். எழுதுவதற்கு முன் பிரித்துக் கேளுங்கள்: “கை ஓங்கினாரா? அடி விழுந்ததா? எங்கே விழுந்தது?” மூன்று கேள்விக்கும் மூன்று வசனம் எழுதுங்கள். பிள்ளைகளிடம் “கை ஓங்காதே” என்றால் தூக்கவே கூடாது. “ஓங்கி அடிக்காதே” என்றால் மெல்ல அடிக்கலாம் என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலாவதையே சொல்லுங்கள்.

பயிற்சி

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலால் ஏறி, மான்களைக் கடந்து, கோணேசர் கோயிலடிக்குப் போங்கள். பாறை பிளந்து கடல் வரை இறங்கும் இடத்தை இராவணன் வெட்டு என்பார்கள். இராவணன் தன் வாளால் வெட்டியதாகக் கதை. மேலே நின்று அந்தப் பிளவைப் பார்த்து ஒரு வசனம் எழுதுங்கள். வெட்டு மேலிருந்து கீழே வருகிறது, வாள் தலைக்கு மேலே போயிருக்க வேண்டும்.

பிறகு கன்னியா வெந்நீரூற்றுக்குப் போங்கள். ஏழு கிணறுகள். தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் வாளால் குத்த, தண்ணீர் வந்ததாக அங்கேயும் ஒரு கதை. அதற்கும் ஒரு வசனம் எழுதுங்கள். ஓங்கிக் குத்தினான் என்றும் எழுதலாம், ஆழக் குத்தினான் என்றும் எழுதலாம். எது பொருத்தம் என்று நீங்களே தீர்மானித்து, ஏன் என்றும் எழுதுங்கள்.

வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். பாறைக்கு எல்லோரும் ‘ஓங்கி வெட்டினான்’. கன்னியாவுக்குக் கனடாத் தம்பி ‘ஓங்கி’ என்றார்: வாளைப் பிடித்த கை மேலே போகாமல் நிலத்தில் எப்படிக் குத்துவது என்று கேட்டார். தாதி ‘ஆழ’ என்றார்: தண்ணீர் வந்திருக்கிறதே, கை எவ்வளவு உயரம் போனது என்பதைவிட வாள் எவ்வளவு கீழே போனது என்பதுதானே முக்கியம் என்றார். இரண்டு கொப்பியிலும் சரி போட்டேன்.

தாதியின் கொப்பியில் அடுத்த பக்கத்தில், நான் கேட்காமலே, தன் வேலைக்கென்று சில வசனங்கள் எழுதி வைத்திருந்தார். “அம்மா, சரியா நோகுதா, கொஞ்சமா நோகுதா? குத்துதா, இறுக்கிப் பிடிக்குதா? நான் இந்த இடத்தை அழுத்திப் பார்க்கிறன். நோ கூடினால் உரத்துச் சொல்லுங்கோ.”